மூடாத மைக்

ஞாயிற்றுக்கிழமை காலை பாடகி தன் மகளை மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்று தடவையும் மகள் திரும்பவில்லை.

குழந்தை ஜன்னலோரம் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு யானைக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தது. காதில் ஒரு கோளாறும் கிடையாது. பக்கத்து வீட்டில் பிஸ்கட் பாக்கெட் பிரித்தால் இங்கே எழுந்து உட்காருகிற குழந்தை.

"மிளகு, பல்லு தேச்சியா இல்லையா?"

பிறந்தபோது அளவிலும் காரத்திலும் அப்படித்தான் இருந்தது என்பதால் அந்தப் பெயர். பள்ளிக்கூடப் பதிவேட்டில் நீளமாக வேறொரு பெயர் உண்டு. வீட்டில் யாரும் அதைச் சொன்னதே இல்லை. கப்பல் வேலைக்குப் போயிருக்கிற அப்பாகூடக் கடிதத்தில் மிளகு என்றுதான் எழுதுவார்.

குழந்தை ஒருவழியாகத் தலையை நிமிர்த்தியது. அம்மாவைப் பார்க்கவில்லை, அறையைச் சுற்றிப் பார்த்தது.

"யாரும்மா மிளகு?"

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாடகியின் சொந்த அக்கா, கல்யாணமாகாதவள், இந்த வீட்டின் தூண். காலங்காத்தாலேயே நாடகமா என்று கேட்டுவிட்டு அவளும் கூப்பிட்டுப் பார்த்தாள். செல்லமாகக் கூப்பிட்டாள், அதட்டிக் கூப்பிட்டாள். எதற்கும் அசைவில்லை. கடைசியில் விளையாட்டாகப் பள்ளிக்கூடப் பெயரைச் சொன்னதும் குழந்தை பட்டென்று எழுந்து, "என்ன பெரியம்மா?" என்று வந்து நின்றது.

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் இருவரும் முடிவு செய்தார்கள். ஆனால் அன்று முழுக்கப் பாடகிக்குச் சோறு இறங்கவில்லை. மகளின் கண்ணில் விளையாட்டு இல்லை. தெரியாத ஊரின் பெயரைக் கேட்ட மாதிரி இருந்தது.

முந்தின நாள்தான் குழந்தையை ஒலிப்பதிவுக்கு அழைத்துப் போயிருந்தாள். தைத்த துணிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அக்காவுக்கு இருந்தது, வேறு வழியில்லை.

ஒலிப்பதிவு என்றால் அவளுக்குப் பழக்கம் எல்லாம் மீசையிடம்தான். மீசைக்கு மீசை கிடையாது. எப்போதோ எடுத்துவிட்டார், பெயர் மட்டும் நின்றுவிட்டது. டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. அதுதான் அவருடைய இசைக் கம்பெனி. முதலாளி, ஒலிப்பதிவாளர், அட்டைக்குப் படம் வரைகிறவர், டீ வாங்கி வருகிறவர் எல்லாம் அவரே. ஒப்பந்தம் ஒரே பக்கம். ஐந்து வருஷம் கழித்துப் பாட்டு பாடினவளுக்கே திரும்பிவிடும் என்று அதில் கையால் எழுதியிருப்பார். ஒரு வரியை வெட்டுவதானாலும் அவளைக் கேட்காமல் வெட்டமாட்டார். ஒரு குறைதான். பாட்டு அந்த டயர் கடையைத் தாண்டிப் போகாது. ஏழு வருஷத்தில் பஸ்ஸிலோ கடைத்தெருவிலோ முன்பின் தெரியாத ஒருவர் தன் பாட்டை முணுமுணுத்து அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அதை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் அவள் பெரிய கம்பெனிக்குப் போனாள். மீசை தடுக்கவில்லை. அவர்கள் ஒப்பந்தத்தின் நாற்பது பக்கத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் நான்கு பக்கம் படித்தாள்.

பெரிய கம்பெனிக்கு ஒன்பது மாடி. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள். பாட்டைத் தேர்ந்தெடுக்க ஒருவர், அவள் தலைமுடியைத் தேர்ந்தெடுக்க இன்னொருவர். எதையும் அவளிடம் கேட்கவில்லை, சொன்னார்கள். சொன்னபடி நடந்தது. வெளியீடு வெள்ளிக்கிழமை என்று நகரத்துப் பஸ்களின் முதுகில் அதற்குள் அவள் முகத்தை ஒட்டிவிட்டார்கள்.

ஒரே ஒரு விஷயம் விநோதமாக இருந்தது. ஆறாவது மாடி ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறவர்கள் பேசுவதில்லை. ஒலிப்பதிவாளர் தடித்த கண்ணாடி போட்டவர். எல்லாவற்றையும் சைகையில் சொல்வார், இல்லாவிட்டால் ஒரு சின்னப் பலகையில் எழுதிக் காட்டுவார். இருமல் வந்தால் வெளியே ஓடிப்போய் இருமிவிட்டு வருவார். என்ன ஒரு ஒழுக்கம் என்று அவள் அக்காவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை அவள் மைக்குக்கு முன்னால் நின்றிருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குழந்தை ஏதோ ஒரு வயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. மீசையிடம் ஒரு தடவை பாடி முடித்ததும் அவர் மைக்கை மூடிவிட்டு, "மூடியாச்சு, பேசிக்கோ" என்பார். அதற்கப்புறம் வீட்டுக் கதையெல்லாம் மைக்குக்கு முன்னாலேயே நடக்கும். ஏழு வருஷத்துப் பழக்கம். பாட்டு முடிந்ததும் அவள் யோசிக்காமல் வாயைத் திறந்தாள்.

"மிளகு, அந்த வயரை விடு. வா, அம்மாகிட்ட வா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணாடிக்காரர் முகத்தில் அப்போது ரத்தம் இல்லை. வயர் அறுந்துவிடுமோ என்று பயந்துவிட்டார் போல என்று நினைத்து அவள் சைகையிலேயே மன்னிப்புக் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை பாட்டை முழுசாகக் கேட்க வரச் சொன்னார்கள். எட்டாவது மாடியில் சோபா, குளிர்ந்த தண்ணீர், விளம்பரப் பிரிவு ஆட்கள் நாலு பேர். பாட்டுக்கு முன்னால் ஒரு பேச்சு வந்தது. "மிளகு, அந்த வயரை விடு. வா, அம்மாகிட்ட வா." பின்னாலேயே அவள் சிரிப்பு. அப்புறம்தான் பாட்டு.

இயல்பாக இருக்கிறது, ஜனங்களுக்குப் பிடிக்கும் என்று விளம்பர ஆள் சொன்னார். அவளுக்கும் முதலில் பிடித்தது. உள்ளுக்குள் ஏதோ உருகியது. மூன்று தடவை போட்டார்கள். மூன்றாவது தடவை முடிவதற்குள் அக்காவிடமிருந்து போன்.

குழந்தை வீட்டில் இல்லை என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது. காணாமல் போய்விடவில்லை, இப்போது கையில் பிடித்திருக்கிறாள். பெரிய ரோட்டில், பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் பிடித்தாளாம். முதலில் எழுந்து கதவிடம் போய் நின்றிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, இவள் ஊசியில் நூல் கோக்கிற நேரத்தில், படியிறங்கிவிட்டது. அப்புறம் ரோடு.

"எங்கடி போறன்னு கேட்டா, அம்மா கூப்பிடறான்னு சொல்லுது. எந்தப் பக்கம் போச்சு தெரியுமா சுண்டு? உங்க கம்பெனி பக்கம்."

சுண்டு என்பது பாடகியின் சின்ன வயசுப் பெயர். அவளை அப்படிக் கூப்பிட இப்போது அக்கா ஒருத்திதான் மிச்சம்.

அவள் நேரம் கேட்டாள். அக்கா சொன்ன மூன்று நேரமும், இங்கே சுவர்க் கடிகாரத்தில் பாட்டு ஆரம்பித்த மூன்று நேரத்தோடு ஒத்துப்போயின. சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று, குழந்தையை மடியில் வைத்துக்கொள், போனை வைக்காதே என்றாள். விளம்பர ஆளிடம் இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டார். போனில் அக்காவின் நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல், ரொம்ப மெதுவாக:

"கடிச்சுட்டாடி என்னை. விடுன்னு கடிச்சுட்டா."

நடைபாதையில் கண்ணாடிக்காரர் நின்றிருந்தார். அவர் குரலை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த கதவு மாதிரி இருந்தது. ஆறாவது மாடியில் மைக்கை மூடுவதில்லை என்றார். ஆள் உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகிறவரை ஓடும். அந்த மைக்குக்குள் போனதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம், நாற்பது பக்கத்தில் இருபத்தேழாவது பக்கம். எழுதியவர்கள் சும்மா எழுதவில்லை. ஒரு மேளக்காரர் பதிவின் நடுவில் விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது அவருக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த மைக்கில் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இன்னும் மோசம்.

"பாட்டை எங்க போட்டாலும் அந்த ஆளுக்குக் கேக்கும். வந்துட்டே இருப்பாங்க."

வெள்ளிக்கிழமை அது எல்லா இடத்திலும் ஓடும். பஸ்ஸில், கடையில், ஊரில் இருக்கிற ஒவ்வொரு போனிலும். அவள் நேராக ஒப்பந்தப் பிரிவைத் தேடிப் போனாள்.

ஒப்பந்தப் பிரிவு மேடம் நல்லவர். அதுதான் பயமாக இருந்தது. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஒரு தடவைகூட, அப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்கவில்லை.

"அழிக்கிற பழக்கம் இங்க கிடையாதும்மா. எதையுமே அழிச்சதில்ல. வேணும்னா மாத்தி வைக்கலாம். அது பதினோரு செகண்டு. அதே நீளத்துக்கு இன்னொண்ணு கொடுத்துட்டா இதைத் தூக்கி உள்ள வச்சிடுவோம்."

வெறும் மௌனத்தைக் கொடுத்தால் போதுமா என்று பாடகி கேட்டாள். போதாதாம். விளம்பரப் பிரிவுக்கு யாரையாவது கூப்பிடுகிற மாதிரிதான் வேண்டும். வியாழக்கிழமை மதியம் வரை நேரம் இருக்கிறது.

அன்று சாயங்காலமே டயர் கடை மாடிக்குப் போனாள். மீசை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாற்பது பக்கத்தையும் படித்தார். கீழே யாரோ டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. இருபத்தேழாம் பக்கத்தில் அவர் விரல் நின்றுவிட்டது. 'இந்த உலகத்திலும், இனிமேல் தெரியவரும் எந்த உலகத்திலும், என்றென்றைக்கும்.'

"நான் ஒரே பக்கம் எழுதறேன்னு சிரிச்சியே" என்றார். உடனே, சொல்லியிருக்கக்கூடாது என்ற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டு பேருமாக எல்லா வழியையும் போட்டுப் பார்த்தார்கள். அவரிடம் இருக்கிற பழைய பதிவுகளில் ஒரு பேச்சுகூடக் கிடையாது, அவர்தான் மூடிவிடுவாரே. இல்லாத ஒரு பெயரைக் கற்பனையாகக் கூப்பிட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. இதைப் பாடகி கண்ணாடிக்காரரிடம் ஏற்கெனவே கேட்டிருந்தாள். முன்பு ஒரு பாடகர் அப்படித்தான் செய்தாராம். இரண்டு நாள் கழித்து ஒருவர் வந்து வரவேற்பறையில் நின்றாராம். யாருக்கும் தெரியாத ஆள். என்னைக் கூப்பிட்டீர்களே என்றாராம். இன்னமும் பாட்டு எங்காவது ஓடினால் வந்து நிற்கிறார். நாற்காலி போட்டாலும் உட்காருவதில்லை.

மீசை நாற்பது பக்கத்தையும் அடுக்கி மூடி வைத்தார். கீழே காற்றடிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

"என்னைக் கூப்பிட்டுடு. என்னைக் கூப்பிட யாரு இருக்கா? வாடகை கேட்கறவன்தான். அவன் கூப்பிட்டுத் திரும்பலன்னா எனக்கு லாபம்."

அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். அவர் சொன்னது வேடிக்கை இல்லை என்று இருவருக்கும் தெரியும். அறுபது வயசு மனிதரை ஊர் முழுக்க அலையவிட்டு அவள் என்ன பாட்டுப் பாடுவது? அக்காவும் முடியாது. கடல் மேல் இருக்கிற புருஷன் கப்பலின் விளிம்பைத் தாண்டி எங்கே நடப்பான் என்று நினைத்ததுமே அந்த யோசனையை விட்டாள். கூப்பிட்டால் போகக்கூடிய ஆள், போனாலும் யார் மேலும் பழி சொல்ல முடியாத ஆள், ஒருத்திதான் இருந்தாள்.

வியாழக்கிழமை காலை ஆறாவது மாடியில் அவள் மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். கண்ணாடிக்காரர் பலகையில் 'யாரை?' என்று எழுதிக் காட்டினார். அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவர் பலகையைத் துடைத்தார், ஏதோ எழுதப் போனார், எழுதாமலே வைத்துவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அது அணைந்து அவள் பார்த்ததே இல்லை.

அக்கா கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

"சுண்டு, எங்க நிக்கற? வா. இங்க வா."

பதினோரு விநாடி நிறைவதற்காகக் கடைசியில் கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள். தண்ணீரில் காலை வைத்த மாதிரி ஒரு சில்லிப்பு வந்து போனது, அவ்வளவுதான். மேடம் தானே கீழே இறங்கி வந்து, பழையதைப் பத்திரமாக உள்ளே வைத்தாயிற்று என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அக்கா சமையலறையிலிருந்து யாரையோ கூப்பிட்டாள். வேறு யார் வந்திருக்கிறார்கள் என்று பாடகி சுற்றுமுற்றும் பார்த்தாள். அக்கா கையில் கரண்டியோடு வந்து நின்று, மறுபடியும் அதே சொல்லைச் சொன்னாள். நல்ல சொல்தான். எங்கேயோ சுவரில் எழுதியிருந்ததைப் படித்த மாதிரி இருந்தது.

"யாரைக்கா கூப்பிடற?"

அக்கா கரண்டியை வைத்துவிட்டு வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இந்த முட்டாள்தனத்துக்கா உன்னை வளர்த்தேன் என்று திட்டினாள். திட்டு முழுக்கப் பாடகிக்குப் புரிந்தது. நடுநடுவே வந்த அந்த ஒரு சொல் மட்டும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வெளியீடு. அக்கா ஒன்பதரைக்கே கதவைத் தாழ் போட்டு, தையல் மெஷினை நகர்த்திக் குறுக்கே வைத்தாள். தீப்பிடித்தால் மூன்று பேரும் சேர்ந்து வேகலாம் என்றாள். குழந்தை மெஷினின் மிதிகட்டையில் உட்கார்ந்து, இது என்ன விளையாட்டு என்று கேட்டது. அம்மா எங்கேயும் போகாமல் பார்த்துக்கொள்கிற விளையாட்டு என்று சொல்லி வைத்தார்கள்.

பத்து அடித்து ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். கீழே செல்போன் ரிப்பேர் கடையில் ஸ்பீக்கர் கரகரத்தது.

"சுண்டு, எங்க நிக்கற? வா. இங்க வா."

அது தன் குரல் என்று பாடகிக்குத் தெரிந்தது. தான் ஏன் எழுந்து நிற்கிறோம் என்பதுதான் தெரியவில்லை. பயம் இல்லை, வலி இல்லை. அவசரமாக எங்கேயோ யாரோ காத்திருக்கிறார்கள் என்கிற ஒரு நினைப்பு. கால் அது பாட்டுக்குப் போனது. கதவுக்குக் குறுக்கே எதுவோ இருந்தது; அவள் அதைத் தள்ளினாள். அக்கா இடுப்பைப் பிடித்து இழுத்தாள். அக்காவுக்கு இவ்வளவு பலம் குறைவா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இரும்பு மெஷின் தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள்.

"அம்மா."

அவள் திரும்பினாள்.

குழந்தை அழவில்லை. விளையாட்டில் தன் முறை வந்துவிட்டது என்று புரிந்துகொண்ட மாதிரி நிமிர்ந்து நின்றது. கீழே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த நினைப்பு இன்னும் அவளைப் பிடித்து இழுத்தது. குழந்தை மறுபடி கூப்பிட்டது. அவள் ஓரடி எடுத்து உள்ளே வைத்தாள். பாட்டு முடிந்தது. அவள் தரையில் உட்கார்ந்தாள், அக்கா பக்கத்தில் சரிந்தாள், மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது.

பத்தே காலுக்கு ஒரு பஸ். பத்தரைக்கு எதிர் வீட்டு மாடி. அப்புறம் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று ஒரு விநாடி பிந்தி. நடுவில், அக்காவுக்குக் கேட்காத தூரத்திலிருந்தும். ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்தாள், ஒவ்வொரு தடவையும் குழந்தை கூப்பிட்டது, அவள் திரும்பி வந்தாள். ஜன்னலுக்குக் கீழே காய்கறிப் பையோடு போன ஒருத்தி அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனாள். பாடகி அதைக் கேட்டாள். ஏழு வருஷம் காத்திருந்தது அதற்குத்தான். காதைப் பொத்திக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்குக் குழந்தையின் குரல் கம்மிவிட்டது. அக்கா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். பத்து நிமிஷம் ஓய்வு கிடைத்தால் போதும் என்றாள், கிடைக்கவில்லை. மேடத்திடமிருந்து போன் வந்தபோது பாடகி தாழ்ப்பாளிடம் நின்றிருந்தாள், குழந்தை கம்மிய குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அக்காதான் எடுத்தாள்.

மேடம் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். இப்படி ஒரு முதல் நாள் இந்த வருஷத்தில் யாருக்கும் அமையவில்லையாம். வாழ்த்துச் சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். காது கொடுத்து எதையோ கேட்கிறார் என்று தெரிந்தது.

"பின்னால கூப்பிடறது குழந்தையா? என்ன அழகான குரல். அடுத்த வாரம் ஒரு நாள் கூட்டிட்டு வரச் சொல்லுங்களேன்."

அக்கா போனை அணைத்தாள். அணைத்தது போதாதென்று துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தாள். கம்பியில்லாத போனில் எதை வெட்டுவது என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

கீழே ஸ்பீக்கர் மறுபடி கரகரத்தது. குழந்தை இரண்டு மடக்கு வெந்நீர் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தது.